சொந்த நேரம்

லியபாயா துறைமுகத்தில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே கடல்
ஆறிய பால்போல் ஆடை கட்டிக் கிடக்கிறது.
பனியுடைக்கும் கப்பல் ஆறு மணிக்குக் கிளம்பும்.
எங்கள் பனி வரைபடம்
ஆறரை தாண்டி வந்து சேரும்.

"வரைபடம் வந்துவிட்டது" என்று
வயர்லெஸ்ஸில் நான் சொன்னால்
"நாங்களும் வந்துவிட்டோம்" என்பார் கப்பல்காரர்,
பனியின் நடுவிலிருந்து.

மூன்று வாரமாய்ப் பழி குன்வால்டிஸ் மேல்.
எந்தத் துண்டு எவ்வளவு நேரம் தின்கிறது என்ற பட்டியலை
யாரோ போனில் படம்பிடித்து அனுப்பியிருந்தார்கள்.
முதல் வரி தெளிவாக இருந்தது:
அவன் எழுதிய நிரல், நாற்பத்தேழு நிமிடம்.
இரண்டாம் வரியிலிருந்து
குழல்விளக்கு விழுந்து வெளுத்துப் போயிருந்தது.
ஸ்கைத்ரீதே அம்மையாருக்கு ஒரு வரி போதும்.

மிதவைக் கணக்கெழுதும் மேசைக்கு
அவனை மாற்றினார்கள்.
போகும்போது காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டான்.
"எழுத்தில் கொடுங்கள்" என்றான். "படிக்கிறேன்."

எழுத்தில் கொடுக்கத்தான் இந்த இரவு.

அளந்த கருவி
தன் முடிவைத் தன் பாஷையில் எழுதி வைத்திருந்தது.
திறந்தால் கட்டங்கள், கேள்விக்குறிகள்,
நடுவில் எங்காவது ஒரு சொல்,
பனியில் மாட்டிய படகின் பாய்மரம் மாதிரி.
இது வேண்டாம்.
வெறும் எழுத்து, வெறும் எண்,
மிதவை மேசையின் கிழட்டுக் கணினியிலும் திறக்கிற ஒன்று.

திரைக்குப் போவதைக் கோப்புக்குத் திருப்பினேன்.
பூஜ்யம் பைட்.
மூட மறந்திருந்தேன்.
மூடாத கோப்பு
வாயில் போட்டு விழுங்காத மாத்திரை.

மறுபடி ஓட்டினேன். மூவாயிரம் வரி,
ஒவ்வொரு பெயருக்கு முன்னும் முழ நீள முகவரி.
முகவரிகளை வெட்டினேன். நாற்பது வரி போதும் என்றேன்.

பிறகு வரிசை.
அகர வரிசையில் அடுக்கினால்
எவர்மேலும் குற்றமில்லை.
மொத்த நேரத்தில் அடுக்கினால் குன்வால்டிஸ் முதலில்,
தான் அழைத்தவர்கள் எடுத்த நேரத்தையெல்லாம்
தன் கணக்கில் சுமந்துகொண்டு.
சொந்த நேரத்தில் அடுக்கினேன்.

முதல் வரி:
தேதியைப் பிரித்துப் படிக்கும் சின்னத் துண்டு.
நாற்பத்தொரு லட்சம் அழைப்பு.
முப்பத்தொன்பது நிமிடம்.
பன்னிரண்டாம் வரி:
குன்வால்டிஸ். பதினோரு நொடி.

தேதித் துண்டு என்னுடையது.
இரண்டு வருடம் முன்,
மதியச் சாப்பாட்டுக்கு அவசரமாகக் கிளம்புமுன் எழுதியது.
ஒரே தேதியை ஒவ்வொரு பனிக்கட்டத்துக்கும்
புதிதாய்ப் பிரித்துப் பார்க்கிறது,
கதவைப் பூட்டினேனா என்று
நாலு முறை படியேறித் திரும்பும் என்னைப் போலவே.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
நாங்கள் எய்தவனைத்தான் நொந்தோம்.
அம்பு என் பையில் இருந்தது.

இரண்டே முக்கால் மணி.
ஹீட்டர் டிக்கென்று நின்றது.
எண்களைத் தொடாமல்
அடுக்கை மட்டும் மாற்றலாம்.
ஒரு பொய்கூட இருக்காது அந்தக் கோப்பில்.

திருத்தம் நான்கே வரி.
அதை முதலில் செய்துவிட்டு அளந்தால்
என் பெயர் கீழே எங்கோ போயிருக்கும்.
அதனால் கோப்பை முதலில் சேமித்தேன்,
பெயரில் இன்றைய தேதியோடு.
மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன். இருந்தது.
அம்மையாருக்கு ஒன்று, மிதவை மேசைக்கு ஒன்று.
அப்புறம்தான் அந்த நான்கு வரி.

வரைபடம் ஐந்து ஐம்பத்து மூன்றுக்கு வந்தது.
வயர்லெஸ்ஸில் சொன்னேன்.
"யார் பேசுவது?" என்றார் கப்பல்காரர்.

ஏழு மணிக்குக் குன்வால்டிஸிடமிருந்து பதில்.
மன்னிப்பு பற்றியும் இல்லை, நன்றியும் இல்லை.
"பன்னிரண்டாம் வரி.
பதினோரு நொடி அதிகம்.
நாலாக்கலாம்.
என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?"