புதன்கிழமை அழைப்பு

புதன்தோறும் காலை பத்து மணிக்கு
பூடோவிலிருந்து மூர்மன்ஸ்கை அழைப்பேன்.
கேட்கிறதா?
ஐந்து, என்பான் வெனியமின். உங்களுக்கு?
எனக்கும் ஐந்து.
ஐந்து என்றால் தெளிவு.
ஒன்று என்றால் வெறும் இரைச்சல்.
அவ்வளவுதான் பேச்சு.
தூதரகங்கள் ஆளைக் குறைத்துக்கொண்டன,
சாவடியில் லாரிகள் நின்றுபோயின,
இந்த ஒரு கம்பியை மட்டும்
அறுக்க யாருக்கும் நினைவு வரவில்லை,
அல்லது மனம் வரவில்லை.

ஏழு வருடம். அவன் முகம் தெரியாது.
இருமல் தெரியும்.
முதுகுக்குப் பின்னால் ஒரு கெட்டில் சீழ்க்கையடிப்பது தெரியும்.
துர்குன் என்ற என் பெயரைத்
தோர்கூன் என்பான். நான் திருத்தியதில்லை.

டிசம்பரில் ஒரு வெள்ளி, பின்னிரவு மூன்று பத்து.
ஹாவ்டெர்ன, இழுவலைப் படகு, ஒன்பது பேர்.
தெறித்த நீரெல்லாம் மேல்தளத்தில் உறைந்து
தலை கனத்துச் சாய்ந்துவிட்டது.
எங்கள் கடலா அவர்கள் கடலா என்று
சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தேன்.
கோட்டின் மேலேயே கிடந்தது படகு.
வரைபடத்தில் அது ஒரு நூல் தடிமன்.
அங்கே அலை ஆறு மீட்டர்.

புதன் இல்லை என்பதால்
முதல் மணியிலேயே எடுத்தான்.
கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை.
எண்களைச் சொன்னேன், திருப்பிச் சொன்னான்,
‘ஏழு’ என்பதை இருவருமே தப்பாக உச்சரிக்கும்
ஓர் ஆங்கிலத்தில்.

ஐந்து பேரை எங்கள் ஹெலிகாப்டர் தூக்கியது.
மூன்று பேரைத் தெப்பத்தோடு அள்ளியது
அவர்களுடைய இழுவைக் கப்பல்.
ஐந்தும் மூன்றும் எட்டு.
மறுபடி கூட்டினேன்.
எட்டு.

தலைக்கு மேல் போனால் சாணென்ன முழமென்ன என்பார்கள்.
கரையில் நின்று சொல்லலாம்.
எங்களுக்குச் சோறு போடுவதே அந்தச் சாணும் முழமும்தான்:
நீர் மூன்று டிகிரி, காற்று வடகிழக்கு,
எடை எழுபத்திரண்டு, வயது இருபத்து மூன்று,
காப்புடை அணிந்திருந்தான் என்கிறார் சமையல்காரர்,
ஜிப்பைப் பார்த்ததாக நினைவில்லை.
ஒரு மணி நேரத்தில் எத்தனை மைல் நகரும் உடல்
என்று எழுதி,
அடித்துவிட்டு,
‘ஆள்’ என்று எழுதினேன்.

வழியில் போன ஃபரோ தீவுக் கப்பலொன்று
தன் தூண்டில் கயிறு இருபது மைல் நீரில் கிடக்க
நுனியை வெட்டிவிட்டு வந்து சேர்ந்தது.
தலைவர் பெயர் ஹானஸ். அதிகம் பேசாதவர்.
மூன்று கொடிகள்
ஒரே வயலை உழுதன,
மேற்கிலிருந்து கிழக்கே, கிழக்கிலிருந்து மேற்கே.
நண்பகலில் ஒரு நீலம் வந்து போயிற்று.
இங்கே அதற்குப் பெயர் பகல்.

மறுநாள் இரண்டு மணிக்கு
அட்டவணை தீர்ந்துவிட்டது.
‘முடித்தோம்’ என்ற சொல் எங்கள் கையேட்டில் இல்லை.
‘நிறுத்திவைக்கிறோம்’ என்றுதான் இருக்கும்.
இரு மையமும் சேர்ந்து சொல்ல வேண்டும்.
நீங்கள் சொல்லுங்கள், உங்கள் கொடிப் படகு, என்றான்.
நீங்கள் சொல்லுங்கள்,
காற்று அவனை உங்கள் பக்கம்தான் தள்ளியிருக்கும், என்றேன்.
கெட்டில் சீழ்க்கையடிக்கத் தொடங்கியது.
அதை யாரும் இறக்கவில்லை.

குறுக்கே ரேடியோவில் ஹானஸ்:
கயிறு எப்படியும் போய்விட்டது.
இன்னும் ஒரு சால் ஓட்டிப் பார்க்கிறேன்.
அனுமதி கேட்கவில்லை அவர்.
மறுக்க எங்கள் இருவருக்கும் வாயில்லை.

ஒரு கையுறை கிடைத்தது. ஆரஞ்சு நிறம், இடது கை.
அந்தக் கடலில் கையுறை தொலைக்காத கப்பல் இல்லை.
நான்கு நாற்பதுக்கு
யார் முதலில் சொன்னோம் என்று தெரியாமல்
சொல்லிவிட்டோம்.

புதன்கிழமை, பத்து மணி.
கேட்கிறதா?
ஐந்து.
எனக்கும் ஐந்து.
வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.
அந்தப் பையனின் பெயர், என்றான்,
பதிவேட்டில் எங்கள் எழுத்தில் எழுத வேண்டும்.
எப்படிச் சொல்வது?

யோ, கூ, பாஸ் என்றேன்.
லித்துவேனியப் பெயர்,
எனக்கும் உறுதியில்லை.

யோ, கூ, பாஸ்,
எண்களைத் திருப்பிச் சொல்வதுபோல்
சொன்னான்.