நிறமில்லாத மை

மின்விசிறியை அணைத்தாயிற்று.
சன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தாயிற்று.
பாம்பன் காற்றுக்கு
உள்ளே வர என்றைக்கு என் அனுமதி தேவைப்பட்டது?

மதுரையிலிருந்து தபாலில் வந்த கெட்டித் தாள்
மூன்றே நாளில் ஓரம் நெளிந்து
கருவாட்டு வாடை பிடித்துக்கொண்டது.
அதில் ஒன்றுதான் மிச்சம்.

அடும்பு வரைகிறேன்.
ஊதா வேண்டும் என்றாளாம் ஃபெபி.
வரும் ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை.
முதலில் வெறும் தண்ணீரால் பூவை வரைந்து
அந்த ஈரத்துக்குள் சாயத்தைத் தொட்டு வைத்தால்
அதுவே ஓடிப்போய் விளிம்பில் நிற்கிறது.
நாலு கல் உப்பைத் தூவினேன், வலிநோக்கம் உப்பு,
குழம்புக்குப் போட்டது போக மீந்தது.
சாயத்தை உறிஞ்சி ஒவ்வொரு கல்லும்
தன்னைச் சுற்றி ஒரு வெள்ளைப் பூ செய்தது.

இலை சுலபம்.
அடும்பிலையே ஒரு மடித்த வாழ்த்து அட்டைதான்.

ஐப்பசியில் இங்கே எதுவும் தானாகக் காயாது.
அசன் நைனாவின் செல்போன் கடையில்
சிப் கழற்றும் சூடுகாற்றுக் கருவியை
இரவல் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.
"ஒரு மணி நேரம்தான் அக்கா,
ஒரு டிஸ்பிளே காத்துக்கிட்டு இருக்கு."

பூவைக் காய்த்து, உப்பைத் தட்டிவிட்டு,
இனி எழுத்து.
நிறமில்லாத மைப்பேனா.
எழுதியது தெரியாது, சாய்த்துப் பார்த்தால்
நத்தை போன தடம் மாதிரி ஒரு மினுக்கு.
'ஃபெபிக்கு' என்று எழுதினேன்.
தெரியாதுதானே என்ற தைரியத்தில்
கீழே அவள் அம்மா பெயரையும்:
ஜெனோவா.

பதினோரு மாதமாக என் வாயில் வராத பெயர்.
எங்கள் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க
தங்கச்சி கழுத்திலிருந்து கழற்றித் தந்தது ஐந்தரைப் பவுன்.
மண்டபத்து அடகுக்கடைக்காரன்
பேரேட்டைப் பார்த்தபடி சொன்னான்:
"நகை மூழ்கிப்போச்சும்மா."
கடலைக் கண்டவன் பேசுகிற மாதிரியே சொன்னான்.

பொன்தூளைக் கொட்டி, கவிழ்த்து,
முதுகில் ஒரு சுண்டு.
கருவியைப் பிடித்தேன்.
தூள் கொஞ்ச நேரம் மணலாகவே இருந்தது.
பிறகு ஒரு மூலை கலங்கியது.
கலங்கிய இடம் உருகிப் பளபளத்து
எழுத்து எழுத்தாக நடக்கத் தொடங்கியது.
ஃபெ. பி.
நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.
ஜெ. னோ.

பூவுக்குப் பக்கத்தில், நான் எதுவும் எழுதாத இடத்தில்
இன்னொன்றும் உருகியது.
முட்டை வடிவம். சுழி சுழியாய்க் கோடுகள்.
என் பெருவிரல்.

வியர்வையிலும் தூள் ஒட்டும் என்று
டப்பாவில் போடவில்லை.

"கையெழுத்துப் போடத் தெரியும்" என்றேன் அன்று.
"ரேகையும் வேணும்மா" என்றான்.
அடகுச் சீட்டில் நீலமாய்ப் படிந்த அதே சுழி
இதோ பொன்னாய் எழும்பி நிற்கிறது.

பிளேடால் சுரண்டினால் பூவும் சேர்ந்து வரும்.
மேலே இலை வரையலாமென்றால்
சுட்ட பொன்னில் தண்ணீர்ச் சாயம் நிற்காது,
உருண்டு ஓடிவிடுகிறது.
இரண்டு முறை முயன்றேன்.

கடைப் பையன் வாசலில் வந்து நின்றான்.
கருவியைச் சூட்டோடு கொடுத்தனுப்பினேன்.
அட்டையை உறையிலிட்டு
மூக்கையூர் என்று எழுதினேன், தெரிகிற மையில்.

ஜெனோவா எதையும் தடவித்தான் பார்ப்பாள்,
சேலையானாலும் மீனானாலும்.
மகள் பெயரைத் தடவுவாள், தன் பெயரைத் தடவுவாள்,
விரல் அந்தச் சுழிமேல் ஏறும்.
அப்புறம் என்னைத் திட்டுவாள் என்றுதான் நினைக்கிறேன்.
திட்டட்டும்.
திட்டுவதற்காவது போன் போடுவாள்.

மின்விசிறியைப் போட்டேன்.
மேசையில் சிந்தியிருந்ததெல்லாம் எழும்பி
சோற்றுப்பானை வரைக்கும் போய் மினுங்கியது.
கூட்டிப் பெருக்கினால்
குந்துமணி தேறாது.