கண் வைத்த கோப்புறை

கோரிப்பாளையத்தில், இரண்டாம் மாடியில்,
எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே
பீரோ அளவு இடத்தில் சர்வர் நிற்கிறது.
அதற்குள் நான்கு கோப்புறைகள் திறந்தேன்:
உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், பேரையூர்.
திறப்பது சுலபம். வலது க்ளிக், பெயர், எண்டர்.
அதன் மேல் ஒரு கண் வைப்பதுதான் வேலை.

பென் டிரைவோடு பஸ் ஏறும் பையன் இனி வரமாட்டான்.
கிளையில் ஒருத்தர் ரிப்போர்ட்டைப் போட்டால்
இங்கே வந்து விழும்.
முப்பது நொடிக்கு ஒருதரம் எட்டிப் பார்த்து
தானே எடுத்துப் பதிந்துகொள்ளும்.
டாக்டர் சந்தனராஜ், "வாட்ச்மேன் மாதிரியா?" என்றார்.
வாட்ச்மேன் யாரென்று கேட்பார் சார், என்றேன்.
அப்போது அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

முதல் நாள் அது எதையும் தொடவில்லை.
நான் திறந்தால் திறக்கிறது,
அது திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.
ஒன்றரை மணி நேரம், இரண்டு டீ கழித்து உறைத்தது:
உள்ளே ஓடுவது என் பெயரில் இல்லை.
சாவி என் இடுப்பில்,
வீட்டுக்குள் போகவேண்டியது வேறு ஆள்.
கொடுத்தேன். படிக்க, எழுத, நகர்த்த.
நகர்த்த என்றால் அழிக்கவும்தான்;
விட்டுப்போன இடத்திலிருந்து பார்த்தால்
இரண்டும் ஒன்று.

இரண்டாம் நாள் அவசரப்பட்டது.
மேலூர் லைன் இழுத்து இழுத்து வரும்.
பாதி வந்த படத்தைப் பாய்ந்து எடுத்து
விலா எலும்போடு நின்ற ஒரு மனிதரை
முழு மனிதர் என்று பதிந்துவிட்டது.
கீழே வெறும் சாம்பல் நிறம்.
பொறுமை சொல்லிக்கொடுத்தேன்:
அளவைப் பார். பத்து நொடி விட்டு மறுபடி பார்.
வளர்ந்துகொண்டிருந்தால் கை வைக்காதே.

மூன்றாம் வாரம் உசிலம்பட்டியிலிருந்து தவமணி.
"அண்ணே, ஒச்சம்மாள் ரத்த ரிப்போர்ட்டப் போட்டேன், காணோம்."
இருக்கேம்மா. ஒச்சம்மாள், வயது ஐம்பத்திரண்டு.
"அது கீரிபட்டி ஒச்சம்மா.
நான் கேக்குறது கருமாத்தூர் ஒச்சம்மா."

ஒரே காலை, ஒரே பெயர், வயதும் ஒன்று.
பின்னால் வந்தவள்
முன்னால் வந்தவள் மேல் உட்கார்ந்துவிட்டாள்.
இதே பெயரில் ஒன்று இருக்கிறதே, மாற்றவா என்று
எந்தக் கணினியும் கேட்கும்.
கேட்காதே என்று சொன்னவன் நான்.
அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு ஒச்சம்மாள்;
என் அத்தை ஒருத்தியும் ஒச்சம்மாள்தான்.

காப்பி இல்லையா என்றேன்.
"நீங்கதானண்ணே கட் பண்ணி ஒட்டச் சொன்னீங்க,
இடம் அடைக்குதுன்னு."

கருமாத்தூர்க்காரி ஒருநாள் கூலியை விட்டுவிட்டு
மறுபடி பஸ் ஏறி வந்து
மற்ற கையை நீட்டினாளாம்.
திட்டினாங்களா?
"ஊசி குத்துறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.
அம்புட்டுத்தான்."

இப்போது பெயரோடு ஊர், தேதி, டோக்கன் எண்.
கோப்பின் பெயர் கல்யாணப் பத்திரிகை நீளம்.

நேற்று மாலை ஆறே முக்காலுக்குப்
பேரையூரிலிருந்து ஒன்று விழுந்தது.
ஊர் சரி, தேதி சரி, டோக்கன் சரி.
அளவு பூஜ்யம்.
பத்து நொடி. பூஜ்யம்.
வளரவில்லை, ஆகவே முழுசு என்று
நான் சொன்ன விதிப்படியே கை நீட்டியது.
நிறுத்திவிட்டு போன் போட்டேன்.
"பாதியில கரண்ட் போயிருச்சு சார்."

ஒரு விதி சேர்த்தேன்: பூஜ்யமாக இருந்தால் காத்திரு.
எத்தனை நிமிடம் என்று கேட்கிறது கட்டம்.
எண்ணைத் தவிர எதையும் வாங்க மாட்டேன் என்கிறது.
ஏ.வி. பாலத்து ஹாரன் சத்தம் ஜன்னல் வழியே.
நாற்பத்தைந்து என்று போட்டேன்.
பேரையூரை நினைத்து
அழித்து, தொண்ணூறு ஆக்கினேன்.