இடது காது

ஹெட்செற்றின் இடது பக்கம் செத்து எட்டு மாதம்.
புதுசு வாங்கலாம்.
சம்பளம் வந்த அன்றைக்கு டேற்றாக் காட் முதலில்,
மற்றதெல்லாம் பிறகு.
உலகத்துப் பாட்டெல்லாம் எனக்கு
வலது பக்கத்தால்தான் வந்து சேருகிறது.

இரவு டியூற்றி. இரத்தப் பரிசோதனைக் கூடம்.
இயந்திரம் சுழன்று தீரப் பத்து நிமிடம்:
இரண்டு பாட்டுக்குக் காணும்,
தொடக்கம் நீண்டதென்றால் ஒன்றரை.
நூறு பேருக்குக் கீழே கேட்டதாய்த்தான் தேடுவேன்.
எழுபது பேர். பத்தொன்பது பேர்.
ஒருக்கால் வெறும் நாலு;
மூன்று பேர் அந்தப் பாண்ட் ஆட்களாயிருக்கும்,
மற்றது நான்.

இனேஸ் போர்த்தோவில். பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில்.
முகம் தெரியாது.
இரண்டு வருடமாய் எங்களுக்குள் போய்வருவது
லிங்க் ஒன்று, நேரம் ஒன்று.
'2:14. ட்ரம்ஸ் நிற்கும். மூச்சு விடாதே.'
சுகமா என்று கேட்டதில்லை.
ஒருமுறை பதினொரு நாள் ஒன்றுமே வரவில்லை.
பிறகு வந்தது குரலே இல்லாத பாட்டு,
பேஸ் கிற்றார் மட்டும், ஆறு நிமிடம்.
யாரோ செத்திருக்க வேணும்.
நான் திருப்பி அனுப்பியது
கூரை பறக்கிற சத்தத்தில் ஒன்று.
சரியோ பிழையோ, இன்றைக்கும் தெரியாது.

போன செவ்வாய் அனுப்பினாள்.
ஆள் பெயரில்லை, படமில்லை, ஊரில்லை.
'ஒன்பது' என்று தலைப்பு. கேட்டவர் முப்பத்தொருவர்.
'3:08. அந்த விளையாட்டுக் கீபோட்!
சுருதி விலகித் தூரத்தில் அழுகிறது.
யாருக்கு இப்படித் தோன்றும்?'

3:08 இல் எனக்கொன்றும் இல்லை.
கிற்றார் அடங்குகிறது, இரைச்சல், பிறகும் கிற்றார்.
நாலு தரம் கேட்ட பிறகுதான் உறைத்தது:
அது இடது பக்கத்தில் இருக்கிறது.

அபிவர்ணாவிடம் இரவல் கேட்டேன்.
"உந்தத் தகரச் சத்தத்துக்கோ?" என்று கழற்றித் தந்தாள்.

3:08.

பாண் ஓட்டோ.

நாடு முழுக்கப் பாண் ஓட்டோக்கள் போடும் அதே மெட்டு.
ஆனால் இது
மூன்றாம் சுரத்தில் சறுக்கி
பற்றரி இறங்கி
ஏழாவதில் இருமுகிற மெட்டு.
ஆறேகாலுக்குக் கொக்குவில் கிழக்கால் வரும் நீல ஓட்டோ.
இந்தச் சறுக்கலுக்குச் சில்லறையோடு
எத்தனை நாள் ஓடியிருப்பேன்.
போர்த்தோ வரைக்கும் போய் வந்திருக்கிறது
ரயில் கடவையைத் தாண்டாத ஒரு பாட்டு.
யாரோ
பக்கத்துக் குச்சொழுங்கையில்
கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்த மறந்து.

மறுநாள் பாண்காரரிடம் கேட்டேன்:
"அண்ணை, நீங்கள் போற பக்கம்
கிற்றார் அடிக்கிற வீடேதும்?"
ஜெயசொரூபன் அண்ணை மிச்சக்காசை எண்ணியபடி
"இந்தச் சத்தத்துக்குள்ள இருக்கிறவனுக்கு
வேறென்ன தங்கச்சி கேக்கும்" என்றார்.
ஓட்டோ போக, கேற்றடியில் நின்றேன்,
மெட்டு எந்த மூலையில் எவ்வளவு தேய்கிறதென்று பார்த்து.
மில்லடி ஒழுங்கை திரும்ப
பாட்டில் இருக்கிற அதே அளவு.

இனேசுக்குப் பதில்: 'ஓம். யாருக்குத் தோன்றும்.'
பாண் என்று சொல்லவில்லை.
சொன்னால் அது பாணாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மில்லடி ஒழுங்கைக்குப் போனேன்.
ஆறு வீடு. ஒரு ஜன்னல் திறந்திருந்தது,
உள்ளே ஒரே வரியைத் திரும்பத் திரும்ப
யாரோ பிழைவிட்டுப் பிழைவிட்டு.
ஓட்டோ வந்தது. சரியாக அதன் கீழே மறித்து,
தேவைக்கு மேலே சத்தமாக,
"அண்ணை, ரெண்டு மாலுபாண்!"

கிற்றார் நின்றது.
கதிரை அரையும் சத்தம். ஒரு பெருமூச்சு.
என்னால் ஒரு ரேக் கெட்டுப்போனது.

ஜெயசொரூபன் அண்ணை மெட்டை நிறுத்தினார்.
நாய் ஒன்று, பிறகு அதுவும் இல்லை.
உள்ளே முதலாம் அடியில் இருந்து
திரும்பத் தொடங்கியது.
மாலுபாண் கையைச் சுட
மதிலோரம் நின்றேன்,
மூச்சு விடாமல்.