என்கிற

வங்கி வக்கீல் சிவப்பு மையில் சுழித்திருந்தார்:
தாய்ப்பத்திரத்தில் நண்டளை,
மற்றதிலெல்லாம் மெச்சம்பேட்டை,
இரண்டும் ஒன்றென்பதற்கு ஆதாரம்?

பதினேழு குழி நஞ்சை.
மகனுக்குக் கத்தார் விசா.
விற்கிறவள் என் மேசைக்கு எதிரே
குடையை மடக்காமல் நிற்கிறாள்,
சொட்டுகிறது.

இருபத்தாறு வருஷமாய் இந்த ஊருக்குப் பத்திரம் எழுதுகிறேன்.
அந்தப் பெயரை ஒருமுறையும் எழுதியதில்லை.

மெச்சம் யாரென்றாலும் தெரியாது.
மெர்சர் என்றொரு துரை, ரயில் பாலம் கட்டியவர்
என்கிறார் சைக்கிள் கடை அந்தோணிராஜ்.
பாலம் இல்லை, உப்பு ஆபீஸ்
என்கிறார் அவர் கடையில் காற்றடிக்க வந்தவர்.
துரையே இல்லை, துரையின் குதிரை
என்கிறார் தர்காத் தெரு ஹாஜா அலாவுதீன்;
வரப்பில் கால் முறிந்து, சுட்டு,
இங்கேதான் எங்கோ புதைத்தார்களாம்.
இருக்கலாம்.
ஒரு குதிரையின் பெயரில்
ரேஷன் கார்டு வைத்திருக்கிறோம்.

கிராம நிர்வாக அலுவலர் கணினியில் தட்டினார்.
காணப்படவில்லை.
நாண்டளை, நன்டலை, நண்டலை,
மூன்று விதமாகவும் தட்டிப் பார்த்தார், நல்ல மனிதர்.
அகராதியில் அளை என்றால் வளை.
அக்கரையில் இருந்த ஊர், வெள்ளத்தில் போயிற்று
என்று கையை ஆற்றுப்பக்கம் வீசினார் கோயில் கணக்கர்.

மூன்று மைல் தள்ளி ஒரு டீக்கடையில்தான்
முதல்முறை காதில் விழுந்தது.
கடன் வாங்கித் திருப்பாத எவனையோ
'சரியான நண்டளையான்' என்று
திட்டிக்கொண்டிருந்தார்கள்.
நம்மைத்தான் என்று
அவர்களுக்கும் தெரியாது. நமக்கும்.
நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் மதகு.
லஸ்கர் பக்கிரிசாமி, பிளாஸ்டிக் உறைக்குள்
நீர்மட்டப் பதிவேடு:
நண்டளைத் தலைப்பு. காலை ஆறு மணி. பூஜ்யம் புள்ளி ஏழு இரண்டு.
நேற்றும் நண்டளை. முந்தாநாளும்.
பழைய நோட்டுகளில் அவர் அப்பாவின் கையெழுத்திலும்.
'ஊரா? அது வாய்க்கா பேரு சார்.
அந்தப் பேரச் சொல்லித்தான் மேலேர்ந்து தண்ணி விடறான்.'
மேட்டூர் திறந்த ஒவ்வொரு வருஷமும்
நாங்கள் கைவிட்ட பெயருக்கு
ஒதுக்கிய தண்ணீரைத்தான் குடித்திருக்கிறோம்,
குதிரை உட்பட.

நகல், முத்திரை, கையொப்பம்.
அன்று மாலையே எழுதினேன்:
'நண்டளை என்கிற மெச்சம்பேட்டை.'
சட்டத்துக்கு அவ்வளவு போதும்.
எது முந்தி, எதை யார் எதற்காக மாற்றினார்கள்,
'என்கிற' அதைக் கேட்பதில்லை.

விதிப்படி உரக்கப் படித்துக் காட்டினேன்.
'...சின்னப்பொண்ணு என்கிற விஜயலெட்சுமி ஆகிய நான்...'
குடை மடங்கியது.
'அந்தப் பேரு எங்கேர்ந்து புடிச்சீங்க?'
உங்கள் அப்பா எழுதிவைத்த செட்டில்மெண்டில் இருக்கிறதம்மா.
'கல்யாணத்தன்னிக்கு மாத்துனது.
மாமியாருக்கும் அதே பேரு. வீட்டுல
ரெண்டு பேரு ஒரே பேருல இருக்கக்கூடாதுன்னாங்க.'
கொஞ்சநேரம் மின்விசிறி மட்டும்.
'இதுல கையெழுத்துப் போட்டா
அதையும் வித்ததா ஆயிடுமா?'

இல்லையம்மா என்றேன்.
அது அடையாளத்துக்கு.

எந்தப் பெயரில் போடுவது என்று யோசித்தவள்
கட்டைவிரலை நீட்டினாள்.
எழுதத் தெரிந்தவள்தான்.

மறுநாள் அளக்கப் போனோம்.
வாங்குகிறவர் கால்சட்டையை மடித்துவிட்டு
வரப்பிலேயே நின்றார்.
தென்கிழக்கு மூலையில் சர்வேயர் ஊன்றிய கழி
சுத்தியல் படாமலே முழங்கை ஆழம் இறங்கியது.
உள்ளே ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது என்றார்.
பிடுங்கி,
ஒரு சாண் தள்ளி ஊன்றினார்.

அந்த ஒரு சாணை
நான் எதிலும் எழுதவில்லை.