பன்னிரண்டாம் கேள்வி

திருப்பூரில், மூக்கு டாக்டரின் மாடியில்,
காற்றாடிக்கு அடியில் பறக்கிற தாளை
பேனா மூடியால் அழுத்திக்கொண்டு
நௌஷீன் கேட்கிறாள்:
"மூக்குச் சிந்தணும்போலயே இருக்குங்களா?
தொந்தரவே இல்லீன்னா சைபர்,
இதுக்கு மேல முடியாதுன்னா அஞ்சு.
போன ரெண்டு வாரத்தை மட்டும் நெனச்சுக்குங்க."

ரெண்டு வாரமா?
எனக்கு ஆறு வருசம், அம்மணி.

மூக்கடைப்பு நாலு.
தும்மல் ரெண்டு. ஐப்பசியில் கேட்டிருந்தால் நாலு.
தொண்டைக்குள் பின்பக்கமாய் இறங்குகிற சளி,
அதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்!
என்னைத் தவிர யாருக்கும் தெரியாதென்று இருந்தேன்.
நாலு போடச் சொன்னேன், கொஞ்சம் பிரியமாகவே.
கன்னத்து எலும்புக்குள் யாரோ
ஈரச் சாக்கை மடித்து வைத்த கனம்: மூணு.
குனிந்தால் நாலு.
குனிந்தா நிமிர்ந்தா என்று தாளில் இல்லை.

பன்னிரண்டாவது: வாசனை, ருசி தெரிகிறதா?

ஊத்துக்குளியில் வெண்ணெய் உருக்குகிறவள் நான்.
வட்டச்சட்டியில் நுரை அடங்கி
முருங்கைக்கீரை ஒரு கை அள்ளிப் போடும் அந்த நொடியை
மூக்குதான் சொல்லும், கடிகாரம் சொல்லாது.
இப்போது காதால் உருக்குகிறேன்.
சடசடப்பு நின்றதும் இறக்கிவிடுகிறேன்.
பெரும்பாலும் சரியாக வரும்.

பெரும்பாலும்.
கோயம்புத்தூர் பலகாரக் கடையிலிருந்து
பதினைந்து கிலோ டின் ஒன்று திரும்பி வந்தது,
காறல் அடிக்கிறது என்று.
வீட்டுக்காரர் நாச்சிமுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து, நான் குளிக்கப் போகும் நேரமாய்ப் பார்த்து
ஒவ்வொரு டின்னாய்த் திறந்து
முகர்ந்து
மூடுகிறார்.
மூடிச் சத்தம் குளியலறைக்குக் கேட்கிறது.
அந்தச் சத்தத்துக்கு எத்தனை போடுவாய், அம்மணி?

"அஞ்சு" என்றேன்.

தூக்கம், அசதி, எரிச்சல், மனவருத்தம்,
நாலு பேர் முன்னால் வருகிற கூச்சம்.
இருபத்திரண்டையும் கூட்டினாள்: அறுபத்தி மூணு,
நூற்றுப் பத்துக்கு.
பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை வாங்கியதில்லை.

ஆபரேசன் ஆயிற்று.
காலையும் பொழுதோடவும் மூக்குக்குள் உப்புத்தண்ணீர்.
மூன்று மாதம் கழித்து, முப்பத்தி ஒன்று.
"ஒம்பது கொறஞ்சாலே நல்ல மாத்தமுங்க,
உங்களுக்கு முப்பத்திரண்டு" என்று டாக்டர் சிரித்தார்.
பொய்யில்லை. தூங்குகிறேன். குனிந்து கோலம் போடுகிறேன்.
பன்னிரண்டாவது மட்டும் அப்படியே, அஞ்சு,
எல்லாரும் இறங்கிப்போன பஸ்ஸில்
இறங்காமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் போல.

இன்றைக்கு மூன்றாவது தாள்.
வரும் வழியில், நொய்யல் பாலத்தின்மேல் வண்டிகள் நின்றுவிட்டன.
கீழே தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில்.
கண்டக்டர் துண்டை மூக்கில் வைத்தார்.
பனியன் கம்பெனிப் பிள்ளைகள் துப்பட்டாவை இழுத்துக்கொண்டார்கள்.
ஜன்னல்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
எதற்கென்று முதலில் எனக்குப் புரியவில்லை.
அப்புறம்
மெல்லிசாய், ஊசி நுழைகிற அளவுக்கு,
சாயமும் சாக்கடையும் சேர்ந்து
ஒரு கெட்ட நாத்தம்.

என் ஜன்னலை மட்டும் மேலே தூக்கினேன்.
பக்கத்து சீட்டுக்காரி வைதாள்.
வையட்டும்.
வண்டி நகர்ந்துவிடக் கூடாதே என்று
முன்னால் நின்ற லாரியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

"பன்னிரண்டாவதுங்க?"
"நாலு."
பேனா நின்றது. நௌஷீன் நிமிர்ந்தாள்.
"அட! என்ன வாசம் வந்துச்சுங்க?"

"ஆத்து வாசம், அம்மணி" என்றேன்.