ஒன்றரைச் சுற்று

வேலந்தாவளத்தில்
சோதனைச் சாவடிக்கு நாற்பதடி முன்னால்
புதிதாய் ஒரு வேகத்தடை.
போட்டு மூன்று வாரம்தான்,
அதற்குள் அதன் முதுகில்
இருபத்திரண்டு வெள்ளைக் கீறல்கள்.
ஆழமாய், நேராய் விழுந்தது ஜோபின்.
கோணலாய் ஏற்றி, மூச்சைப் பிடித்து இறக்கியும்
விழுந்தது மகுடபதியின் எஸ்டீம்.
ஓரத்தில் நூல் மாதிரி ஒன்று இருக்கிறது.
யாருடையது என்று தெரியும்,
சொல்ல மாட்டேன்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு
மூடிக் கிடக்கும் எடைமேடை ஓரம்
எல்லோரும் வந்துவிடுவார்கள்.
தரைக்கும் வண்டிக்கும் நடுவே
ஒரு தீப்பெட்டி.
நிறுத்தி வைத்து நுழைந்தால் மானக்கேடு.
படுக்க வைத்தும் நுழையாவிட்டால்
அவன்தான் அன்றைக்கு ராஜா,
டீக்காசும் அவன்தான் கொடுக்க வேண்டும்.

"காத்துப் பை வெச்சு எறக்கறதெல்லாம் ஒரு எறக்கமா?
பட்டனத் தட்டுனா உக்காருது,
காக்கியப் பாத்தா எந்திரிக்குது.
வண்டியா அது, வார்டு மெம்பரா?"
மகுடபதியுடையது வெட்டிய சுருள்.
மழையிலும் தாழ்வு,
மாமனார் வீட்டு வாசலிலும் தாழ்வு.

ஜோபின் சிரிப்பான்.
அவனுடையது மரை திருகி
ஏற்றி இறக்கும் சாமான்,
கொச்சியிலிருந்து வந்தது.
"ரம்பம் போட்டு அறுத்ததுக்குக் கொள்கைன்னு ஒரு பேரு!
பைசா இல்லெங்கில் அதைச் சொல்லு சேட்டா."

காற்றுப்பைக்காரன் நவ்ஃபல்
பேசவே மாட்டான்.
புஸ்ஸென்று ஒரு சத்தம்.
வண்டி மண்டி போடும்.
அவ்வளவுதான் அவன் தரப்பு.

பின்னால் இளநீர் லோடோடு
சென்னிமலையின் லாரி காத்து நிற்கும்,
ஒவ்வொரு வண்டியும் கோணலாய் ஏறி முடிகிற வரைக்கும்.
ஹாரனில் கைமுட்டியை ஊன்றிக்கொண்டு கேட்பார்:
"தரையோட ஊர்றதுக்கு
நீங்க என்ன பாம்பாடா?"

நான் சக்கரம் நேர் பார்ப்பவள்.
எடைமேடைக்கு எதிர்க்கடை.
என்னிடம் வரும்போது
டயரின் உள்விளிம்பில் கம்பி தெரியும்,
வெளிவிளிம்பில்
வாங்கிய நாளின் ரப்பர் மயிர்கூட உதிர்ந்திருக்காது.
"அக்கா, நீங்க சொல்லுங்க, எது சரி?"
இடது முன்சக்கரம் உள்சாய்வு நாலரை டிகிரி,
வலது நாலே கால் என்பேன்.
திரையில் அதுதான் எழுதியிருக்கிறது,
சிவப்பில்.

என் ஜென் முப்பது மில்லிமீட்டர்தான் தாழ்ந்தது.
எண்கள் எல்லாம் பச்சை.
அம்மாவும் சித்தியும்
அரிசி மூட்டையோடு
பின்சீட்டில் ஏறினால்தான் வம்பு.

வெட்டியெடுத்த சுருள்களை
யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.
ஒரு பிஸ்கெட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்,
பெயர் எழுதி.

போன செவ்வாய்க்கிழமை
ஷட்டர் இறக்கும் நேரத்தில் மகுடபதி வந்தான்.
சிந்துஜாவுக்கு ஏழாம் மாதம்,
பாலக்காட்டு டாக்டரிடம் மாதம் இரண்டு முறை
போய்வர வேண்டும்.
டின்னைத் திறந்து
தன் ஒன்றரைச் சுற்றைத் தேடி எடுத்தான்.
வெட்டிய வாயில் துரு.
"இதத் திரும்ப ஒட்ட முடியுமாக்கா?"
முடியாது என்றேன்.
பற்றவைத்த இடத்தில்தான் முதலில் முறியும்.
புதுச் சுருள், நாலும், ஒன்பதாயிரத்து நானூறு.
சிந்துஜா வண்டியை விட்டு இறங்காமலே சொன்னாள்:
"நானா கேட்டேன் ஏத்தச் சொல்லி?
கண்ண மூடிட்டே கேரளா எங்க ஆரம்பிக்குதுன்னு
இடுப்பு சொல்லீரும் எனக்கு.
இனி போர்டப் பாக்கோணும்."
அவன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தான்.

இந்த ஞாயிறு
எஸ்டீம் வேகத்தடைமேல்
நேராய் ஏறி நேராய் இறங்கியது.
ஜோபின் கைதட்டினான், கேலியாய்த்தான் என்றாலும்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மகுடபதி எடைமேடைக்குத் திரும்பவில்லை.
கொஞ்ச தூரம் போய் நின்று,
ரிவர்ஸில் வந்து,
கண்ணாடியை முழுக்க இறக்கி,
தலையை வெளியே நீட்டி
இன்னொரு முறை ஏறினான்,
மெதுவாய்,
காது கொடுத்து.

சென்னிமலை ஹாரன் அடிக்கவில்லை.